கைக்குழந்தைக்குக் கடுமையான வலிப்பு: மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. டிராவே நோய் உள்ள ஒரு பெண் குழந்தையின் அம்மா. கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான மரபணு வலிப்பு நோய் அது. குழந்தைகள் நரம்பியல் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும்போதும் சரி, யாரிடமோ என் எண்ணை வாங்கிக்கொண்டு இன்னொரு அம்மா அழைக்கும்போதும் சரி, ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நிறைய மருந்துப் பெயர்கள் வரும். இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், தொடங்காதீர்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும்.

காய்ச்சல் வந்தா எந்தக் குழந்தைக்கும் ஃபிட்ஸ் வரும், பயப்படாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்கு மட்டும் எதுக்கு ஜீன் டெஸ்ட் எழுதியிருக்காங்க?

சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது. உடம்பு முழுக்க இழுத்து, சில நிமிடங்களில் நின்றுவிடும். வளர வளர வராமலே போய்விடும். அந்தக் குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் வருவது வேறு மாதிரி வலிப்பில். ஐந்தாறு மாதத்திலேயே தொடங்குவது, கால் மணி நேரத்தைத் தாண்டியும் நிற்காதது, ஒரு பக்கக் கை கால் மட்டும் இழுத்து அடுத்த தடவை மறுபக்கம் இழுப்பது, லேசான சூட்டுக்கே வருவது. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும்போதே வந்துவிட்டது என்று சொன்ன அம்மாக்கள் உண்டு. டிராவே நோய் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறந்த முதல் வாரத்திலேயே, காய்ச்சலே இல்லாமல் வருகிற வலிப்புகளும் உண்டு. அவற்றின் பின்னால் வேறு மரபணுக்கள் இருக்கலாம்.

தூங்கி எழுந்ததும் குனிஞ்சு குனிஞ்சு கும்பிடற மாதிரி பண்றான். மாந்தம்னு பாட்டி மருந்து கொடுக்கறாங்க. வலிப்புன்னா கை கால் இழுக்கணும்தானே?

இழுக்க வேண்டியதில்லை. தலையும் உடம்பும் திடுக்கென்று மடங்கி, கைகள் விரிந்து, சில நொடி இடைவெளியில் அடுத்தடுத்து வந்தால் அது குழந்தைகளின் ஸ்பாசம் வகை வலிப்பாக இருக்கலாம். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனுக்கு இப்படி வருவதைப் பார்த்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். வெஸ்ட் நோய்க்குறி என்ற பெயர் அவரால் வந்தது. மொபைலில் வீடியோ எடுங்கள், அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காட்டுங்கள். இதில் நாள் தள்ளினால் வளர்ச்சி பின்னோக்கிப் போகும்.

இதற்குக் காரணம் எப்போதும் மரபணு என்று நினைக்க வேண்டாம். பிரசவத்தில் மூச்சுத் திணறியது, பிறந்த புதிதில் ரத்தச் சர்க்கரை இறங்கியது போன்றவைதான் நம் நாட்டில் அதிகம். ஆனால் குழந்தையின் உடம்பில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள் இருந்தாலோ, கர்ப்ப ஸ்கேனில் இதயத்தில் கட்டி என்று சொல்லியிருந்தாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது டியூபரஸ் ஸ்கிளீரோசிஸாக, அதாவது பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோயாக இருக்கலாம். அதில் வரும் ஸ்பாசத்துக்கு விகாபட்ரின் என்ற மருந்துதான் முதல் தேர்வு.

எங்க வம்சத்துல யாருக்குமே வலிப்பு கிடையாது. அவர் பக்கமும் இல்ல. அப்புறம் எப்படி இது மரபணுவாகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும்போதே ஒரு சண்டையும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்: உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா என்று. மரபணுவில் கோளாறு என்றால் பரம்பரையாக வந்தது என்று அர்த்தமில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மரபணுத் தொகுதியிலும் அம்மா அப்பா இருவரிடமும் இல்லாத சில பத்து புதிய மாற்றங்கள் இருக்கின்றன. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாத இடங்களில் விழுகின்றன. மிக அரிதாக மூளைக்கு முக்கியமான ஒரு மரபணுவின் நடுவில் விழுந்துவிடுகிறது.

டிராவே நோயைச் சார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978-இல் விவரித்தார். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்று 2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்தது ஏழு குழந்தைகளை. ஏழு பேருக்குமே மாற்றம் புதிதாக வந்தது, பெற்றோரிடம் இல்லை. இன்றைக்கும் டிராவே குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரின் கதை ஏறக்குறைய இதுதான். ஆக, பாட்டி தாத்தா வரை தோண்டிப் பார்த்தும் எதுவும் கிடைக்காதது இந்த நோயில் இயல்பான விஷயம்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலதான்னு சொல்றாங்களே?

எந்த மரபணு என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. மேலே சொன்ன மாதிரி புதிதாக வந்த மாற்றம் என்றால் மாமன் மகளைக் கட்டினாலும் முன்பின் தெரியாத ஊரில் பெண் எடுத்தாலும் ஒன்றுதான். எஸ்சிஎன்1ஏ, கேசிஎன்க்யூ2, எஸ்டிஎக்ஸ்பிபி1, சிடிகேஎல்5 என்ற வலிப்பு மரபணுக்கள் எல்லாமே பெரும்பாலும் இந்த வகையில் சேரும்.

வேறொரு வகை இருக்கிறது. அம்மா அப்பா இருவரிடமும் ஒரே மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காது. இரண்டு பழுதும் ஒரே குழந்தைக்குப் போனால்தான் நோய். பி6 வைட்டமின் சார்ந்த வலிப்பும் வேறு பல வளர்சிதை நோய்களும் (உடம்பு சத்துகளைப் பயன்படுத்தும் விதத்தில் வரும் கோளாறுகள்) இப்படி வருபவை. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கும், தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கும் பொதுவாக இருக்கும் என்பதால் இந்த வகை நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது, அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன.

மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளியே போயிட்டேன். அதனாலயா அக்கா?

இல்லைம்மா. கிரகணம், பப்பாளி, வண்டியில் போனது, அழுதது, எதுவும் இல்லை. புதிய மாற்றம் பெரும்பாலும் கரு உருவாவதற்கு முன்பே விந்தணுவிலோ முட்டையிலோ நடந்து முடிந்துவிடுகிறது. கணக்குப் பார்த்தால் விந்தணு வழியாக வருவதே அதிகம். இதை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம்.

தடுப்பூசி போட்ட அன்னைக்கு ராத்திரிதான் முதல் ஃபிட்ஸ். நீங்க ஜீன்னு சொல்றீங்க. கண்ணால பார்த்தது பொய்யா?

பார்த்தது உண்மைதான். தடுப்பூசி போட்டால் சிலருக்குக் காய்ச்சல் வரும், டிராவே குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பைக் கிளப்பும். முதல் வலிப்பு அந்தக் காய்ச்சலில் வரலாம். அன்றைக்கு வரவில்லையென்றால் அடுத்த சளிக் காய்ச்சலில் வந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டது என்று கருதப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தார்கள். 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. தடுப்பூசிக்குப் பிறகு தொடங்கியவர்களும் மற்றவர்களும் பின்னாளில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள் என்று அதே குழு அப்புறம் காட்டியது. தடுப்பூசியை விட்டுவிட்டால் அம்மையோ கக்குவானோ வந்து அதைவிடப் பெரிய காய்ச்சலைக் கொண்டுவரும். ஊசி போடும் நாளில் காய்ச்சல் மருந்தும் அவசர மருந்தும் எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐ நார்மல், இஇஜி நார்மல்னு வந்திருக்கு. மூளை நல்லா இருக்குன்னா வலிப்பு எங்கிருந்து வருது?

எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். நரம்புச் செல்லின் சவ்வில் உள்ள ஒரு நுண்ணிய வாயில் சரியாகத் திறந்து மூடுகிறதா என்பது அதில் தெரியாது. எஸ்சிஎன்1ஏ செய்வது அப்படியொரு சோடியம் வாயிலை. மூளையில் தூண்டிவிடும் செல்கள் உண்டு, அடக்கி வைக்கும் செல்களும் உண்டு. இந்த வாயில் முக்கியமாக வேலை செய்வது அடக்கும் செல்களில். அது பாதியாகக் குறைந்தால் பிரேக் பிடிக்காத வண்டி மாதிரிதான். டிராவேயில் முதல் வருடம் எம்ஆர்ஐ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி இரண்டும் சாதாரணமாக இருப்பது வழக்கம். நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்து மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லாத கடுமையான வலிப்பில்தான் அந்தப் பரிசோதனை அதிகம் உதவுகிறது.

ஜீன் பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அதுக்கு மருந்து இல்லைன்னுதானே சொல்றாங்க.

ஜீனைச் சரிசெய்யும் மருந்து இல்லை என்பதை, மருந்தில் வித்தியாசமே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், பெனிடாய்ன், லாமோட்ரிஜின் ஆகியவை சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகள். உலகம் முழுக்கப் பயன்படும் நல்ல மருந்துகள். டிராவே குழந்தைக்கு ஏற்கெனவே குறைந்துபோன வாயிலை இவை மேலும் அடைப்பதால் வலிப்பு கூடிவிடலாம். அதனால் இவற்றைத் தவிர்த்து வால்ப்ரோயேட், குளோபசாம் என்று தொடங்குவார்கள். போதவில்லையென்றால் ஸ்டிரிபென்டால், கன்னபிடியால், ஃபென்ஃப்ளூரமின் என்ற மருந்துகள், அல்லது கீட்டோ உணவு, அதாவது கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவு. (ஃபென்ஃப்ளூரமின் ஒரு காலத்தில் உடல் எடை குறைக்கும் மாத்திரை. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-இல் திரும்பப் பெற்றார்கள். 2020-இல் குறைந்த அளவில், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கும் டிராவே மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.) இந்தக் கடைசி மூன்று மருந்துகளும் நம் ஊர் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பவை அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கேசிஎன்க்யூ2-வைப் பாருங்கள். பிறந்த சில நாளிலேயே உடம்பு விறைத்து வரும் வலிப்பு. அங்கே அதே கார்பமசெபின்தான் பல குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. எஸ்சிஎன்2ஏ இன்னும் விசித்திரம். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து பெரும்பாலும் உதவும், அதற்குப் பிறகு தொடங்கினால் உதவாமல் போகலாம், மோசமாகவும் ஆகலாம். பிஓஎல்ஜி என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் டிராவேக்கு முதலில் கொடுக்கும் வால்ப்ரோயேட்டே கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரை எடுத்துவிடக்கூடும். ஒரு குழந்தைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு குழந்தைக்கு விஷமாகிறது. பக்கத்து பெட் குழந்தைக்கு எது கேட்டது என்று விசாரித்து அதையே எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வைட்டமின் மாத்திரையிலேயே வலிப்பு நின்ன குழந்தை இருக்காமே? நிஜமா?

நிஜம். பைரிடாக்சின், அதாவது பி6 கொடுத்தால் மட்டுமே நிற்கும் வலிப்பை 1954-லேயே எழுதியிருக்கிறார்கள். ஏஎல்டிஎச்7ஏ1 என்ற மரபணு காரணம் என்பது 2006-இல் தெரிந்தது. பச்சிளம் குழந்தைக்கு எந்த மருந்துக்கும் வலிப்பு நிற்கவில்லை என்றால் டாக்டர்கள் பி6 கொடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். முதல் டோஸில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு, ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும். நோய் உறுதியானால் ஆயுள் முழுக்க பி6, கூடவே லைசின் (புரதத்தில் உள்ள ஒரு சத்து) குறைந்த உணவு. இதே போல இன்னொரு மரபணுவான பிஎன்பிஓ-வில் கோளாறு என்றால் பல குழந்தைகளுக்கு பி6-இன் வேறொரு வடிவம் தேவைப்படும்.

குளூட்1 குறைபாடும் சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் தரும் நோய். எஸ்எல்சி2ஏ1 மரபணு பழுதானதால் ரத்தத்தில் உள்ள சர்க்கரை மூளைக்குள் போதுமான அளவு நுழைவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், முதுகுத் தண்டு நீரில் குறைந்திருக்கும். காலையில் வெறும் வயிற்றில் மோசமாகவும் பால் குடித்ததும் தேவலையாகவும் இருப்பதைச் சில வீடுகளில் கவனித்திருக்கிறார்கள். இதற்குச் சிகிச்சை கீட்டோ உணவு. சர்க்கரைக்குப் பதில் கொழுப்பிலிருந்து மூளைக்குச் சக்தி கொடுப்பது. ஆனால் கொழுப்பைச் செரித்துப் பயன்படுத்த முடியாத சில வளர்சிதை நோய்களில் இதே உணவு ஆபத்து. யூடியூப் பார்த்து வீட்டிலேயே தேங்காயெண்ணெய் ஊற்ற ஆரம்பிக்க வேண்டாம்.

என்ன டெஸ்ட் எடுக்கணும்? குழந்தைக்கு எடுத்தா போதாதா, எங்க ரத்தமும் ஏன் கேக்கறாங்க?

வலிப்போடு தொடர்புள்ள மரபணுக்களை மட்டும் பார்க்கும் பேனல் ஒன்று. ஏறக்குறைய 20,000 மரபணுக்களின் புரதம் செய்யும் பகுதிகளை எல்லாம் படிக்கும் எக்ஸோம் இன்னொன்று. இரண்டுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: மரபணுவின் ஒரு துண்டு அப்படியே காணாமல் போயிருந்தால் இந்தப் பரிசோதனையில் தெரியுமா என்று. எஸ்சிஎன்1ஏ-இல் அப்படி விடுபடல்கள் உண்டு, எல்லா ஆய்வகமும் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

உங்கள் ரத்தம் எதற்கு என்றால், குழந்தையிடம் உள்ள மாற்றம் புதியதா, உங்களிடமிருந்து வந்ததா என்று பிரிக்க. எதையும் உறுதிப்படுத்தவும் அடுத்த குழந்தையைப் பற்றிச் சொல்லவும் அது வேண்டும்.

ரிப்போர்ட்ல ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’னு போட்டிருக்கு. இருக்கா இல்லையா?

மாற்றம் இருக்கிறது. அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் போதவில்லை. நம் மக்களின் மரபணுத் தகவல் உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால் நமக்கு இந்தப் பதில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. அம்மா அப்பா ரத்தத்தைப் பார்த்தால் பல சமயம் முடிச்சு அவிழும். ஆரோக்கியமான அப்பாவிடமும் அதே மாற்றம் இருந்தால் சந்தேகம் குறையும், யாரிடமும் இல்லையென்றால் கூடும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. பிசிடிஎச்19 மரபணுவில் மாற்றம் உள்ள அப்பா நன்றாக இருப்பார், அவருடைய மகள்களுக்குக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக வலிப்பு வரும். ரிப்போர்ட்டை மரபணு ஆலோசகரிடம் காட்டிக் கேளுங்கள், கூகுளில் தேடாதீர்கள்.

ஒண்ணுமே வரல. பணம் போச்சு. அப்போ ஜீன் பிரச்சினை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எக்ஸோம் எடுத்தவர்களில் கணிசமானவர்களுக்கு முடிவு கிடைப்பதில்லை. எக்ஸோம் பார்க்காத பகுதியில் மாற்றம் இருக்கலாம், ரத்தத்தில் இல்லாமல் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கலாம், அந்த மரபணுவே இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கலாம். தரவுக் கோப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொன்னால், புதிதாக ரத்தம் எடுக்காமலே விடை வந்த குடும்பங்கள் உண்டு.

அடுத்த குழந்தை பெத்துக்கலாமா?

இரண்டு பக்கக் கேரியர் வகை, அதாவது அம்மா அப்பா இருவரிடமும் ஒரு பிரதி பழுதாக இருக்கும் வகை என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அம்மா அல்லது அப்பாவுக்கே டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் மாதிரி நோய் இருந்தால் இரண்டில் ஒன்று. தனக்கு இருப்பதே தெரியாமல் தோலில் சில திட்டுகளோடு வாழ்கிற பெற்றோர் உண்டு, அதனால் உங்களையும் பரிசோதிப்பார்கள்.

புதிய மாற்றம் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, பொதுவாக நூற்றில் ஒன்று என்பார்கள். பூஜ்யம் என்று ஏன் சொல்லவில்லை என்றால், ரத்தத்தில் தெரியாத அந்த மாற்றம் அப்பாவின் விந்தணுக்களிலோ அம்மாவின் முட்டைகளிலோ ஒரு பகுதியில் ஒளிந்திருக்கலாம். டிராவே குடும்பங்களை நுட்பமாகப் பரிசோதித்தபோது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பெற்றோரிடம் இப்படிக் கலவையாக இருந்தது தெரிந்தது.

குழந்தையின் மாற்றம் எது என்று உறுதியானால் கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவிலும், 16-ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலும் பார்க்கலாம். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற மையத்தில் நோய் பார்ப்பது அனுமதிக்கப்பட்டது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும்தான் குற்றம். கர்ப்பமான பிறகு ஓடிவந்தால் நேரம் போதாது, அதற்கு முன்பே ஆலோசகரைப் பாருங்கள்.

தங்கச்சிக்கு வரன் பாக்கறோம். குழந்தைக்கு இப்படின்னு அவங்ககிட்ட சொல்லணுமா?

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். மரபணுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். உங்களிடம் இல்லாத புதிய மாற்றம் என்றால் உங்கள் தங்கைக்கு மற்ற எந்தப் பெண்ணையும்விடக் கூடுதல் ஆபத்து கிடையாது. கேரியர் வகை என்றால் அவரும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு. ஆனால் மாப்பிள்ளையும் கேரியராக இருந்தால்தான் பிரச்சினை, அதனால் அந்த வரன் சொந்தத்தில் என்றால் இருவரும் முதலில் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தூக்கத்துல ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நான் தூங்கறதே இல்ல.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வலிப்பு நோயில் திடீர் மரணம் என்று ஒன்று உண்டு, டிராவேயில் மற்ற வலிப்புகளைவிட அது அதிகம், பெரும்பாலும் இரவில். டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், கேட்டால்தான் பேசுவார்கள். பெரிய வலிப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் குழந்தையைத் தனியாகப் படுக்க வைக்காததும் நம் கையில் உள்ளவை. வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒருத்தியே எல்லா இரவும் விழித்திருப்பது நடக்கிற காரியமில்லை.

ஜீனையே மாத்தற சிகிச்சை வந்துடுச்சாமே?

டிராவேக்கு ஆய்வு நடக்கிறது. நன்றாக இருக்கும் இன்னொரு பிரதியை அதிகம் புரதம் செய்யவைக்கும் சோரெவுனெர்சென் என்ற மருந்தை முதுகுத் தண்டு நீரில் செலுத்திப் பார்க்கிறார்கள், அது மூன்றாம் கட்ட ஆய்வில் இருக்கிறது. வைரஸைச் சுமையாளாக்கி மரபணுவை முடுக்கும் முயற்சிகளும் தொடங்கியிருக்கின்றன. எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. சிடிகேஎல்5-க்கு 2022-இல் அமெரிக்கா அனுமதித்த கானக்சலோன் வலிப்பைக் குறைக்கும் மருந்து, மரபணுவைத் தொடாது. ஸ்டெம் செல் போட்டுக் குணப்படுத்துகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க இருக்கற டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

தெரியாது. நிற்காத வலிப்புக்கு அவசரப் பிரிவில் வழக்கமாக ஏற்றும் ஊசிகளில் பெனிடாய்னும் ஒன்று, டிராவேயில் அதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அதனால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், மரபணு, இப்போதைய மருந்தும் அளவும், தவிர்க்க வேண்டியவை, முதலில் கொடுக்க வேண்டிய ஊசி, அவருடைய போன் எண். ஒன்று கைப்பையில், ஒன்று வண்டியில், ஒன்று பாட்டி வீட்டில், போட்டோ எல்லார் மொபைலிலும்.

ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் மாதிரி, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி வைக்கச் சொல்லி யாராவது நீட்டினால், ஆட்டோ பிடிக்க அனுப்பிவிடுங்கள்.